பத்து கே எதற்கு?

சென்னையில் எந்தப் பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்குப் போனாலும் ஒரு மேசையில் தானியங்கித் தெருவிளக்கு இருக்கும். தெர்மாகோலில் சாலை, ஐஸ் குச்சியில் கம்பம், உச்சியில் சின்ன எல்.ஈ.டி., ஓரத்தில் நெளிநெளியாகக் கோடு போட்ட ஒரு வட்டப் பொட்டு. மாணவி அந்தப் பொட்டை விரலால் மூடுகிறாள், விளக்குகள் எரிகின்றன. விரலை எடுக்கிறாள், அணைகின்றன. நடுவர் தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுகிறார். பொட்டுக்குப் பக்கத்தில் பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு என்று பட்டை போட்ட ஒரு ரெசிஸ்டர் இருக்கிறதே, அது எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் இதுதான்: “டயகிராம்ல அப்படித்தான் இருந்துச்சு சார்.”

பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. கிட் பெட்டியோடு வரும் தாளில் எந்த ஒயர் எந்தத் துளைக்கு என்று இருக்கும். ஏன் என்று இருக்காது. நிதி ஆயோக்கின் அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டம் 2016இல் தொடங்கிய பிறகு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளின் கைக்கு ஆர்டுயினோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டு வந்து சேர்ந்திருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் ஒளி உணரியை அந்த போர்டின் அனலாக் இன்புட்டில் இணைக்கும் மூன்று ஒயர் வேலையில் எது முக்கியமோ அதுதான் சொல்லப்படாமலே போகிறது. உணரியைவிட, அதற்குத் துணையாக வைக்கும் அந்த ரெசிஸ்டர்தான் நாம் எதைப் பார்க்கப்போகிறோம் என்பதை முடிவு செய்கிறது. இந்தத் தலையங்கம் அதைப் பற்றியது.

முதலில் ஒரு நியாயமான சந்தேகம். மாலையில் விளக்கெரிய டைமர் போதாதா, உணரி எதற்கு? சென்னை சாந்தோமில் நவம்பர் கடைசியில் 5.40 வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடுகிறது. ஜூலை தொடக்கத்தில் அதுவே 6.40 ஆகிவிடும். ஆறு மணிக்கு என்று டைமரை வைத்துவிட்டால் ஒரு பருவத்தில் இருபது நிமிடம் இருட்டு, இன்னொரு பருவத்தில் நாற்பது நிமிடம் வெட்டிச் செலவு. அதற்கு மேல் வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி மாதத்தில் வங்கக் கடல் பக்கம் மேகம் கறுத்து ஏறினால் நாலு மணிக்கே சாந்தோம் பேராலயத்துக்கு முன்னால் வண்டிகள் ஹெட்லைட் போட்டுக்கொண்டுதான் போகும். கடிகாரத்துக்கு மேகம் தெரியாது.

வெளிச்சத்தைப் பார்த்து விளக்கை ஏற்றும் யோசனை எலக்ட்ரானிக்ஸ் காலத்துக்கும் முந்தியது. 1907இல் சுவீடனைச் சேர்ந்த குஸ்தாவ் டாலென் கலங்கரை விளக்கங்களுக்கும் கடல் மிதவை விளக்குகளுக்கும் ஒரு ‘சூரிய வால்வு’ செய்தார். கறுப்புப் பூசிய ஒரு தண்டு, சுற்றிலும் பளபளப்பான மூன்று தண்டுகள். பகல் வெளிச்சத்தை உறிஞ்சிக் கறுப்புத் தண்டு மற்றவற்றைவிட மயிரிழை அளவு கூடுதலாக நீளும். அந்த நீட்சியே அசிட்டிலின் வாயுவை அடைத்துவிடும். அந்தி சாய்ந்ததும் சுருங்கித் திறந்துவிடும். மின்சாரமே கிடையாது. கலங்கரை விளக்கங்களுக்கான இந்தத் தானியங்கிக் கருவிகளுக்காக 1912இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு ஒரு வெடிவிபத்தில் அவர் பார்வையை இழந்தார் என்பது வேதனையான செய்தி. நம் மெரினாவின் சாந்தோம் முனையில் நிற்கும் முக்கோண வடிவக் கலங்கரை விளக்கம் 1977 ஜனவரியில் ஏற்றப்பட்டது. அதற்குள் உலகம் வால்வைத் தாண்டி வந்துவிட்டது.

நம் பிள்ளைகள் கையில் இருப்பது எல்.டி.ஆர். வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும், இருட்டினால் கூடும் ஒரு பொருள். இதன் கதையும் கடலில்தான் தொடங்குகிறது. 1870-71இல் மெட்ராஸிலிருந்து பினாங்குக்குக் கடலடித் தந்திக் கம்பி போடப்பட்டது. உலகமெங்கும் இப்படிக் கம்பி இழுத்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கம்பி கடலுக்குள் இறங்கும்போதே பழுது இருக்கிறதா என்று சோதிக்க மிகப் பெரிய, ஆனால் மாறாத மின்தடை ஒன்று தேவைப்பட்டது. வில்லவ்பி ஸ்மித் என்ற ஆங்கிலேய மின்பொறியாளர் அதற்கு செலினியம் தண்டுகளை எடுத்தார். அது மாறிக்கொண்டே இருந்தது. பெட்டியின் மூடியை மூடினால் தடை ஏறியது, திறந்து வெளிச்சம் பட்டால் இறங்கியது. 1873இல் அதை எழுதி வெளியிட்டார். அவருக்குத் தலைவலியாக இருந்த குணம்தான் நமக்கு இன்று உணரி. இப்போதைய எல்.டி.ஆரில் செலினியம் இல்லை, கேட்மியம் சல்ஃபைடு. பொட்டில் தெரியும் நெளிகோடு அழகுக்குப் போட்டதல்ல. அதிகப் பரப்பை வெளிச்சத்துக்குக் காட்டத்தான்.

இனி விஷயத்துக்கு வருவோம். எங்கள் தெருவில் ஒன்பதாவது படிக்கும் ஒரு பையன். பிரெட்போர்டில் எல்.டி.ஆரின் ஒரு காலை 5 வோல்ட்டிலும் மறு காலை ஏ-0 என்ற அனலாக் பின்னிலும் செருகி லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். “பாருங்க அங்கிள், டார்ச் அடிச்சாலும் 1023, கைய வச்சு மூடினாலும் 1023. சென்சார் போச்சு.”

சென்சாருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆர்டுயினோ ஊனோவில் இருக்கும் சிப், அனலாக் பின்னில் வந்து நிற்கும் வோல்ட்டேஜை 0 முதல் 5 வோல்ட் வரை 1024 படிகளாகப் பிரித்து ஓர் எண்ணாகச் சொல்கிறது. ஒரு படி சுமார் 4.9 மில்லிவோல்ட். அளக்கும்போது அது அந்தப் பின்னிலிருந்து மின்சாரத்தைக் கிட்டத்தட்ட எடுப்பதே இல்லை. மின்சாரம் ஓடாத ஒயரில் மின்தடை பத்து ஓமாக இருந்தாலும் பத்தாயிரம் ஓமாக இருந்தாலும் மறுமுனையில் அதே 5 வோல்ட்தான் நிற்கும். தடை இருப்பது தெரிய வேண்டுமென்றால் அதன் வழியே மின்சாரம் ஓடியாக வேண்டும். ஓடுவதற்குப் போக்கிடம் வேண்டும். பையன் கொடுத்திருந்த இணைப்பில் போக்கிடமே இல்லை.

சிலர் இதையே திருப்பிப் போடுவார்கள்: ஒரு கால் ஏ-0, மறு கால் கிரவுண்ட். அப்போது 0 அல்லது அதற்குப் பக்கத்தில் ஏதோ ஓர் எண் வந்துகொண்டிருக்கும். எதையுமே இணைக்காமல் விட்டால் இன்னும் வேடிக்கை: எண் 200, 480, 310 என்று தானாக அலையும், ஒயர்ப் பக்கம் கையைக் கொண்டுபோனால் கூடும். ‘வேலை செய்யுது’ என்று ஏமாறுவது இங்கேதான். அந்தரத்தில் நிற்கும் பின், சுவருக்குள் ஓடும் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வை ஆன்டெனா மாதிரி வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே எல்.டி.ஆருக்குக் கீழே மதிப்பு மாறாத ஒரு ரெசிஸ்டரைக் கிரவுண்ட் வரை போட்டு, இரண்டும் சந்திக்கும் புள்ளியிலிருந்து ஏ-0க்கு ஒயர் எடுக்கிறோம். இப்போது 5 வோல்ட்டிலிருந்து எல்.டி.ஆர். வழியாக, ரெசிஸ்டர் வழியாகக் கிரவுண்ட் வரை மின்சாரம் ஓடுகிறது. ஐந்து வோல்ட்டை இரண்டும் தத்தம் தடைக்கு ஏற்றபடி, கூட்டுக் குடும்பத்தில் சொத்து பிரிப்பது போல, பங்கு போட்டுக்கொள்கின்றன. ரெசிஸ்டருக்கு விழும் பங்கைத்தான் ஏ-0 பார்க்கிறது. எல்.டி.ஆரின் தடை ஏறினால் அதன் பங்கு ஏறும், ரெசிஸ்டரின் பங்கு இறங்கும். வெளிச்சம் இப்படித்தான் வோல்ட்டேஜாக மாறுகிறது. கணக்கும் சுலபம்: ரெசிஸ்டரை, ரெசிஸ்டரும் எல்.டி.ஆரும் சேர்ந்த மொத்தத்தால் வகுத்து 1024ஆல் பெருக்கினால் திரையில் வரும் எண்.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் போய் ரெசிஸ்டர் கேட்டால் கடைக்காரர் முதலில் கேட்பது, “எவ்ளோ தம்பி, ஒன் கே-வா, டென் கே-வா?” என்பதுதான். கே என்றால் கிலோ ஓம், ஆயிரம் ஓம். ‘ஏதோ ஒண்ணு கொடுங்க’ என்று வாங்கிவருவதில்தான் பாதி பிராஜெக்டுகள் கெடுகின்றன. இரண்டும் பார்வைக்கு அச்சு அசல் ஒன்று போலவே இருக்கும். ஒன் கே-யில் பழுப்பு, கறுப்பு, சிவப்பு. டென் கே-யில் பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு. கடைசியில் இரண்டுக்கும் தங்கப் பட்டை. டியூப் லைட் வெளிச்சத்தில், அதுவும் மலிவான சரக்கில், சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றாகவே தெரியும். மல்ட்டிமீட்டரை வைத்து ஒருமுறை பார்த்துவிடுவது உத்தமம்.

வித்தியாசம் எவ்வளவு என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 5528 ரக எல்.டி.ஆர். நல்ல வெயிலில் 200 ஓம் போல, டியூப் லைட் எரியும் அறையில் இரண்டு மூன்று கிலோ ஓம், 10 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அலகு) வெளிச்சத்தில் 10 முதல் 20 கிலோ ஓம், கும்மிருட்டில் 1 மெகா ஓம் அல்லது அதற்கும் மேல் காட்டும். நமக்கு வேண்டியது அந்தி. கண்ணுக்கு இன்னும் தெரிகிறது, ஆனால் நடைபாதைக் குழி தெரியவில்லை என்கிற நேரம். வெளிச்சம் 20 லக்ஸிலிருந்து 5 லக்ஸுக்கு இறங்கும் அந்தச் சில நிமிடங்களில் எல்.டி.ஆரின் தடை சுமார் 9 கிலோ ஓமிலிருந்து 24 கிலோ ஓமுக்கு ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

துணைக்கு 10 கே இருந்தால் எண் 539இலிருந்து 301க்கு இறங்கும். 238 படி. விளக்கை எங்கே போடுவது என்று கோடு கிழிக்கத் தாராளமான இடம். துணைக்கு 1 கே இருந்தால் 102இலிருந்து 41. வெறும் 61 படி. அந்தி முழுவதும் தரையோடு தரையாகப் போய்விட்டது. சரி, பெரிதாகப் போட்டால் நல்லது போலிருக்கிறதே என்று 100 கே போட்டால் 939இலிருந்து 826. 113 படிதான்; இப்போது அந்தி கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. உணரி ஒன்றேதான், அந்தியும் ஒன்றேதான். துணை ரெசிஸ்டர் மட்டும் மாறியதில் நாம் பார்ப்பது நாலு மடங்கு வரை கூடிக் குறைகிறது.

இதிலிருந்து வரும் விதி எளிது. எந்த வெளிச்சத்தில் முடிவெடுக்க வேண்டுமோ, அந்த வெளிச்சத்தில் எல்.டி.ஆர். காட்டும் தடைக்குப் பக்கத்தில் ரெசிஸ்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் கணக்கில் 15 கே போட்டால் 246 படி கிடைக்கும். 10 கே-க்கும் அதற்கும் பெரிய வேற்றுமை இல்லை. தானியங்கித் தெருவிளக்குக்கு டென் கே என்று டயகிராம்கள் சொல்வது இதனால்தான். ஆனால் அதே டயகிராமை எடுத்துக்கொண்டு போய், ஜன்னல் வழியே வெயில் அடிக்கிறதா நிழலா என்று பார்க்கும் பிராஜெக்டில் போட்டால் சரிப்படாது. வெயிலில் தடை சில நூறு ஓம்தான். அங்கே ஒன் கே அல்லது அதற்கும் குறைவானதே கைகொடுக்கும். டென் கே என்பது அந்திக்கான பதில். கேள்வி மாறினால் பதிலும் மாறும்.

நடுவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. ‘இந்த ரெசிஸ்டரை மாற்றினால் என்ன ஆகும், மாற்றிப் பார்த்தாயா?’ மாற்றிப் பார்த்த பிள்ளைக்கு முதல் பரிசைக் கொடுத்துவிடலாம், தெர்மாகோல் சாலை கோணலாக இருந்தாலும்.

இன்னொரு மயக்கத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். திரையில் வரும் 400 என்பது 400 லக்ஸ் கிடையாது. எந்த அலகும் இல்லாத விகிதம் அது. ஒரே பாக்கெட்டில் வாங்கிய இரண்டு எல்.டி.ஆர்.களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே எண்கள் ஒத்துப்போகாது. தயாரித்தவரே 10 முதல் 20 கிலோ ஓம் என்று இரண்டு மடங்கு இடைவெளி விட்டுத்தானே விற்கிறார். ஆகவே நண்பனுடைய புரோகிராமிலிருந்த எல்லை எண்ணை அப்படியே எடுத்துப் போட்டால் உங்கள் விளக்கு வேறு நேரத்தில்தான் எரியும். உங்கள் உணரியை, அது நிற்கப்போகும் இடத்தில், ஒரு சாயங்காலம் முழுக்க வைத்து எண்களைக் குறித்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

விகிதம் என்பதில் ஒரு லாபமும் உண்டு. லேப்டாப்பில் செருகினால் போர்டுக்கு 5 வோல்ட் வரும், மலிவு சார்ஜரில் 4.7தான் வரும். எண் மாறிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். ஊனோ தன் 1024 படிகளையும் அதே சப்ளையை வைத்துத்தான் பிரிக்கிறது. பங்கு போடும் மொத்தம் குறைந்தாலும் அளக்கும் கோலும் அதே அளவு குறைகிறது. விகிதம் அப்படியே நிற்கும். ஈ.எஸ்.பி.-32 போர்டில் இந்தச் சலுகை இல்லை. அதன் அளவுகோல் சிப்புக்குள்ளேயே தனியாக இருக்கிறது. படிகள் 4096 என்பதால் துல்லியம் கூடிவிட்டதாக நினைப்பதும் சரியல்ல; இரண்டு ஓரங்களிலும் அது நேர்க்கோடாக அளப்பதில்லை. வோல்ட்டேஜை எண்ணாக்கும் ஏ.டி.சி. பகுதி அதில் இரண்டு; வைஃபை ஓடும்போது இரண்டாவதன் பின்களைப் படிக்கவும் முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது 3.3 வோல்ட் போர்டு. எல்.டி.ஆர்.-ரெசிஸ்டர் ஜோடியின் மேல் முனையை 5 வோல்ட்டில் கொடுத்துவிட்டு நடுப்புள்ளியை அதன் பின்னில் செருகினால், இருட்டில் ஒன்றும் ஆகாது. காலையில் வெயில் ஏறியதும் அந்தப் பின் கெட்டுப்போகலாம்.

ரெடிமேடு மாட்யூல் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீலத் திருகுப் பெட்டியோடு வரும் அந்தச் சின்னப் பலகையில் துணை ரெசிஸ்டர் ஏற்கெனவே இருக்கிறது. மூன்று கால் மாட்யூலில் ‘ஆம், இல்லை’ என்ற பதில் மட்டும்தான் வரும். எண் வேண்டுமென்றால் நாலு கால் உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். அவற்றில் பெரும்பாலும் ரெசிஸ்டர் மேலேயும் எல்.டி.ஆர். கீழேயும் இருப்பதால் எண் தலைகீழாக வரும்: இருட்டில் ஏறும், வெளிச்சத்தில் இறங்கும். ‘சென்சார் உல்ட்டாவா வேலை செய்யுது’ என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டாம். புரோகிராமில் பெரிது, சிறிது குறியைத் திருப்பிப் போட்டால் போதும்.

சர்க்யூட் சரியாக வந்த பிறகும் விளக்கு சரியாக எரியும் என்று உத்தரவாதம் இல்லை. குடியிருப்பு கேட் விளக்குகளில் இதைப் பார்த்திருப்பீர்கள். சாயங்காலம் ஆறரைக்கு விளக்கு எரியும், அணையும், எரியும், அணையும். வாட்ச்மேன் அண்ணா மெயின் சுவிட்சை இரண்டு தட்டு தட்டுவார். உணரி விளக்குக்குக் கீழேயே இருக்கும். இருட்டியதும் விளக்கு எரிகிறது, அந்த வெளிச்சம் உணரி மேல் விழுகிறது, விடிந்துவிட்டது என்று நினைத்து அணைக்கிறது, மறுபடி இருட்டு. உணரி விளக்குக்கு மேலே, வானத்தைப் பார்த்து இருக்க வேண்டும். எந்த வானம் என்பதும் கவனிக்க வேண்டியதே. சாந்தோமில் கடல் கிழக்கே. கடலைப் பார்த்து வைத்த உணரிக்கு மாலை சீக்கிரம் இருட்டும். காலையில் முதல் வெயில் நேரே முகத்தில் அடிக்கும். மேற்கே பார்த்து வைத்தால் இதற்கு நேர் எதிர். வடக்கு வானத்தைக் காட்டி வைப்பது இரண்டுக்கும் நடுவாக இருக்கும்.

விளக்கின் வெளிச்சம் படாமல் வைத்துவிட்டாலும் எல்லைக்கோட்டில் ஓர் ஊசலாட்டம் இருக்கும். 400க்குக் கீழே போட்டுவிடு, மேலே அணைத்துவிடு என்று எழுதினால் 399, 401, 398 என்று எண் அலையும் அந்த இரண்டு மூன்று நிமிடமும் விளக்கை இயக்கும் ரிலே டக்டக்கென்று அடித்துக்கொண்டிருக்கும். கோடு ஒன்று போதாது, இரண்டு வேண்டும். 350க்குக் கீழே போனால் எரியட்டும், 550க்கு மேலே ஏறினால்தான் அணையட்டும். நடுவில் இருந்தால் இருந்தபடியே இருக்கட்டும். மின்னலும் கடற்கரை லூப் ரோட்டில் திரும்பும் வண்டியின் ஹெட்லைட்டும் ஏமாற்றாமலிருக்க, ஒரு நிமிடம் தொடர்ந்து அப்படியே இருந்தால்தான் முடிவெடு என்று ஒரு வரி. பக்கத்து டியூப் லைட்டும் எல்.ஈ.டி.யும் நொடிக்கு 100 முறை சிமிட்டும், எல்.டி.ஆர். மந்தமானது என்பதால் பெரும்பகுதியை விழுங்கிவிடும். மிச்சத்துக்கு, 20 மில்லிசெகண்டு நேரத்துக்கு எடுத்த அளவுகளைச் சராசரி போட்டால் வீட்டு மின்சாரத்தின் ஒரு முழுச் சுற்று அதில் அடங்கிவிடும்.

100 கே போட்டு நிலா வெளிச்சம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கவனிக்க: ஊனோவின் சிப் அளக்கும்போது உள்ளே இருக்கும் 14 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டரை அந்தப் பின்னிலிருந்துதான் நிரப்பிக்கொள்கிறது. அதைச் சட்டென்று நிரப்ப, வெளியே இருக்கும் தடை 10 கிலோ ஓமுக்குள் இருப்பது நல்லது என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். டென் கே பழக்கமானதற்கு இதுவும் ஒரு காரணம். அதற்கு மேல் போவதாக இருந்தால் ஏ-0க்கும் கிரவுண்டுக்கும் நடுவில் ‘104’ என்று எழுதிய ஒரு செராமிக் கெப்பாசிட்டரைப் போடுங்கள். 0.1 மைக்ரோஃபாரட். விலையும் சொற்பம், எண்ணின் நடுக்கமும் அடங்கும்.

மேசை மேல் வேலை செய்ததை மொட்டை மாடிக்குக் கொண்டுபோகும்போது சாந்தோமின் உப்புக் காற்று தன் வேலையைத் தொடங்கும். ஜன்னல் கம்பியையே தின்கிற காற்று பிரெட்போர்டை விட்டுவைக்குமா? துரு கண்ணுக்குத் தெரிகிறது, தெரியாதது கசிவு. எல்.டி.ஆரின் இரண்டு காலுக்கும் நடுவே உப்பும் ஈரமும் சேர்ந்து மெல்லிய படலமாகப் படியும். அதன் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் கசியும், உணரிக்கு இணையாக 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை நாமே போட்டது மாதிரி. கும்மிருட்டில் 10 என்று வர வேண்டிய எண் 101 என்று வரும். எல்லையை 400 பக்கம் வைத்திருந்தால் இது ஒன்றும் செய்யாது. ‘நல்லா இருட்டினப்புறம் எரியட்டுமே’ என்று 50இல் வைத்திருந்தவர் வீட்டில் மட்டும் விளக்கு எரியவே எரியாது. உணரி கெட்டுவிட்டது என்று புதிதாக வாங்கி மாட்டுவார், இரண்டு மாதம் ஓடும். ஜம்பர் ஒயரை விட்டுவிட்டு ஈயம் வைத்துப் பற்றவைத்து, கால்களை ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடி, உணரியின் முகத்துக்குத் தெளிந்த கண்ணாடியோ அக்ரிலிக்கோ கொடுத்துவிட்டால் வருடக்கணக்கில் உழைக்கும். தூசிப் படலத்தை அவ்வப்போது துடைக்க வேண்டியதுதான்.

மாடிக்கு ஒயர் இழுக்கும்போது எது மாடிக்குப் போக வேண்டும், எது போர்டோடு இருக்க வேண்டும் என்பதில் நம் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். ரெசிஸ்டர் போர்டுப் பக்கமே இருக்கட்டும், எல்.டி.ஆர். மட்டும் இரண்டு ஒயரில் மேலே போகட்டும். ஒயர் எங்காவது அறுந்தாலும் பின் அந்தரத்தில் தொங்காது. கன்ட்ரோலர் அதை இருட்டு என்று எடுத்துக்கொள்ளும், விளக்கு எரியும். பகலில் எரிந்தால் யாராவது பார்த்துச் சொல்வார்கள். இரவில் எரியாவிட்டால் படிக்கட்டில் யாராவது விழுந்த பிறகுதான் தெரியும். கூடவே, பாடப்படத்தில் உள்ளதைத் தலைகீழாக்கி ரெசிஸ்டரை 5 வோல்ட் பக்கமும் எல்.டி.ஆரைக் கிரவுண்ட் பக்கமும் வைப்பது மாடிக்கு நல்லது. அப்போது வெளியே போகும் இரண்டு ஒயரில் ஒன்று கிரவுண்ட், மற்றது அளவு ஒயர். உறை கிழிந்து இரும்புக் குழாயில் பட்டாலும் போர்டின் 5 வோல்ட் நேராக ஷார்ட் ஆகாது. எண் தலைகீழாக வரும் என்று முன்பே சொல்லியாயிற்று. ரிலேக்கு அந்தப் பக்கம் இருப்பது 230 வோல்ட்; அந்த ஒயரிங்கைப் பிள்ளைகள் தொடக் கூடாது, எலக்ட்ரீஷியன்தான் தொட வேண்டும்.

எல்.டி.ஆரால் ஆகாத வேலையும் இருக்கிறது. தெருவில் உண்மையில் எத்தனை லக்ஸ் விழுகிறது என்று அளக்க அது உதவாது. முக்கியச் சாலைக்கு 30 லக்ஸ், அடுத்த நிலைச் சாலைக்கு 15, உள் தெருக்களுக்கு 8, 4 என்று 1944 என்ற எண்ணுள்ள இந்தியத் தரநிலை வகுத்திருக்கிறது. சாந்தோம் நெடுஞ்சாலையில் அது கிடைக்கிறதா, அதன் சந்துகளில் கிடைக்கிறதா என்று ஒரு பள்ளி மாணவர் குழு அளந்து பார்த்தால் தெர்மாகோல் தெருவைவிடப் பல மடங்கு பயனுள்ள பிராஜெக்ட். அதற்கு லக்ஸிலேயே எண் சொல்லும் பி.எச்.1750 போன்ற டிஜிட்டல் உணரியை வாங்க வேண்டும். அதில் கேட்மியமும் இல்லை, எல்.டி.ஆரில் இருப்பது நச்சு உலோகம், மின் சாதனங்களில் 0.01 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று நம் மின்கழிவு விதிகளே கட்டுப்படுத்துகிற பொருள். ஆகவே பழைய எல்.டி.ஆர்.களை வீட்டுக் குப்பையோடு போடாமல் மின்கழிவோடு சேர்த்துக் கொடுங்கள். பி.எச்.1750க்கு அனலாக் பின்னும் வேண்டாம், பத்து கே-யும் வேண்டாம்; சப்ளை போக எஸ்.டி.ஏ., எஸ்.சி.எல். என்ற இரண்டு ஒயர் போதும். ஆனால் அந்த ஐ.சி. 3.3 வோல்ட்டில் ஓடுவது. வாங்கிய பலகையில் ரெகுலேட்டர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஊனோவின் 5 வோல்ட்டைக் கொடுக்க வேண்டும்.